டச் இல்லாத ஏழு வாரங்கள்

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "அண்ணா, டிஸ்ப்ளே போயிருச்சு" என்றுதான் போனை நீட்டுவார்கள். வாங்கிப் பார்த்தால் டிஸ்ப்ளே நன்றாகவே இருக்கும். படம் தெரியும், வெளிச்சம் இருக்கும், விரல் வைத்தால் மட்டும் ஒன்றும் நடக்காது. அது டச் போன கேஸ். சில போன்கள் நேர்மாறாக வரும். திரை கறுப்பாகக் கிடக்கும், ஆனால் போன் அடிக்கும்போது பச்சைப் பொத்தான் இருக்கும் இடத்தைக் குத்துமதிப்பாகத் தள்ளினால் எடுத்துப் பேசலாம். அது டிஸ்ப்ளே போன கேஸ். இப்போதைய போன்களில் இரண்டையும் ஒன்றாக ஒட்டியே கொடுக்கிறார்கள். ஃபோல்டர் என்று மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். அதனால் இரண்டும் ஒரே பொருள் என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது.

கோவை காந்திபுரத்தில் பதினாறு வருடமாகச் செல்போன் சர்வீஸ் செய்கிறேன். திரை வேறு, டச் வேறு என்பது எனக்கு இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் வீடியோ கேம் கன்ட்ரோலரைப் பற்றி யோசிக்கும்போது நானும் அதை மறந்துதான் இருந்தேன். 2018இல் வீட்டில் நடந்த ஒரு காரியம் நினைவூட்டியது.

கன்ட்ரோலர் சர்வீசுக்கு வரும் காலேஜ் பையன்கள் இன்றும் கேட்பார்கள்: "கண்ணு டிவில இருக்கறப்ப கையில எதுக்குங்கண்ணா டச் ஸ்கிரீன்? கீழ குனிஞ்சு பார்த்தா அங்க செத்துருவோம்ல?" நியாயமான கேள்வி. அவர்களுக்கு வேலைக்கு நடுவில் இரண்டு வரியில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு வீ யூ இருக்கிறது. நின்டெண்டோ 2012 நவம்பரில் அமெரிக்காவில் வெளியிட்ட கன்சோல், அதாவது டிவியில் இணைத்து ஆடும் கேம் பெட்டி. டல்லாசிலிருந்து ஊர் திரும்பிய பள்ளிக்கூட நண்பன் 2016இல் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது என்பதால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி வைத்துத்தான் ஓட்டுகிறோம். அதன் கன்ட்ரோலருக்குப் பெயர் கேம்பேட். அரைக் கிலோ எடை. நடுவில் 6.2 அங்குலத் திரை, இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அசைக்கும் குச்சிகளும் பொத்தான்களும், பின்பக்கம் செருகி வைக்க ஸ்டைலஸ் என்ற தொடுபேனா ஒன்று. சின்ன அலுமினியத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஆடுவதுபோல இருக்கும். முதல் நாள் பார்த்த என் அம்மா, "இதுவே ஒரு டிவியாட்ட இருக்குது, அப்புறம் இன்னொரு டிவி எதுக்கு?" என்றார். அந்தக் கேள்வியையும் நான் மறக்கவில்லை.

2018 கோடையில் இடது குச்சியின் ரப்பர் தேய்ந்திருந்தது. மாற்றலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேம்பேடைத் திறந்தேன். மூன்று கால் திருகாணிகள், அவற்றுக்கென்று தனி ஸ்குரூ டிரைவர், எல்லாம் சரியாகவே போயிற்று. மூடும்போது டச்சிலிருந்து போர்டுக்குப் போகும் மெல்லிய ரிப்பன் ஓரத்தில் மடங்கிக் கிழிந்துவிட்டது. ஆன் செய்தேன். படம் பளிச்சென்று வந்தது. தொட்டால் ஒன்றுமில்லை. கேம்பேடில் டிஸ்ப்ளே தனி, அதன் மேல் உட்காரும் டச் கண்ணாடி தனி. போன் ஃபோல்டர் மாதிரி ஒட்டி வராததால் திரைக்குச் சேதம் இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடி இங்கே எந்த மொத்த வியாபாரியிடமும் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து தருவித்து, அது வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. புதுக் கேம்பேட் வாங்கிவிடலாம் என்றாலும் வழி இல்லை, அமெரிக்காவில் அதைக் கடையில் தனியாக விற்றதே கிடையாது. கன்சோலின் அமைப்புகளுக்குள் போகவும் அது வேண்டும். எனவே ஏழு வாரமும் டச் செத்த கேம்பேடை வைத்துத்தான் ஆடினோம்.

இப்படி ஒரு சோதனையைத் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டேன். திரை இருக்கிறது, டச் இல்லை. இந்த நிலையில் எது எது நிற்கிறது, எது எது நடக்கிறது?

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அதிகம் ஆடியது நின்டெண்டோ லேண்ட் என்ற ஆட்டத் தொகுப்பில் உள்ள மாரியோ சேஸ். ஓடிப் பிடிக்கும் ஆட்டம்தான். ஒருவர் கையில் கேம்பேட், அவர் ஓட வேண்டும். மற்றவர்கள் கையில் திரை இல்லாத வீ ரிமோட், டிவியைப் பார்த்துத் துரத்த வேண்டும். ஓடுகிறவருக்கு முழு மைதானமும், யார் எங்கே வருகிறார்கள் என்பதும் கைத்திரையில் தெரியும். துரத்துகிறவர்களுக்கு அவர் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறார் என்ற எண் மட்டும்தான். மைதானத்தின் தரை நாலு நிறம். "மஞ்சள்ல இருக்கான், மஞ்சள்ல!" என்று கத்திக் கத்தித்தான் வளைக்க முடியும். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. என் தங்கை பிள்ளைகளும் வந்துவிட்டால் கூடத்தில் ஐந்து பேர். அம்மா ஆட மாட்டார், ஆனால் ஓடுகிறவரின் பின்னால் உட்கார்ந்து கைத்திரையைப் பார்த்துவிட்டு, துரத்துகிற பேத்திக்கு, "அம்மிணி, பச்சைக்கு ஓடு" என்று காட்டிக்கொடுப்பார். எல்லோரும் எதிர்ப்புச் சொல்வார்கள். அந்த ஏழு வாரமும் இந்த ஆட்டம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆட்டத்துக்குள் டச்சுக்கு வேலையே இல்லை. அதற்கு வேண்டியது மற்றவர் கண்ணில் படாத ஒரு திரை, அவ்வளவுதான்.

அடுத்தது, டிவி இல்லாமல் ஆடுவது. எட்டு மணிக்கு அம்மாவுக்கு சீரியல். வீட்டில் ஒரே டிவி. வீ யூவில் பல ஆட்டங்களை அப்படியே கைத்திரைக்கு மாற்றிக்கொள்ளலாம். மகள் ஹெட்போனைச் செருகிக்கொண்டு சோபாவின் மூலையில் கால் மடக்கி உட்கார்ந்து ஆடுவாள். கன்சோலிலிருந்து படம் வயர்லெஸ்ஸாக வருவதால் எங்கள் வீட்டில் படுக்கையறை வரைக்கும் எட்டும், சமையலறைக்குப் போனால் படம் உறைந்துவிடும். பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும். இதற்கும் டச் வேண்டாம். வீ யூ வைத்திருந்த யாரிடம் கேட்டாலும் கேம்பேடின் பெரிய உபகாரம் இதுதான் என்பார்கள். நானும் அதையே டச் ஸ்கிரீனின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். அந்த ஏழு வாரத்தில்தான் அதைத் திரையின் கணக்குக்கு மாற்றினேன்.

இப்போது நின்று போனவை.

சூப்பர் மாரியோ மேக்கர் முதல் நாளே நின்றது. 2015 செப்டம்பரில் வந்த ஆட்டம். மாரியோ ஓடிக் குதிக்கும் தளங்களை நாமே வரைந்து கட்டலாம். கைத்திரையில் கட்டம் போட்ட தாள் போல ஒன்று விரியும். ஸ்டைலஸால் இழுத்தால் செங்கல் வரிசை வரும். குழாயின் நுனியைப் பிடித்து இழுத்தால் நீளும். ஆமையை ஸ்டைலஸால் பிடித்து உலுக்கினால் பச்சை ஆமை சிவப்பாகும். காளானை எடுத்துக் கூம்பா என்ற குட்டி எதிரியின் மேல் வைத்தால் அது பெரிய கூம்பா ஆகிவிடும். எங்கேயும் விளக்கம் எழுதியிருக்காது. குழந்தை ஒரு பொம்மையைக் கையில் எடுத்தால் என்னென்ன செய்து பார்க்குமோ அதையெல்லாம் செய்தாலே விடை கிடைக்கும். உலுக்கிப் பார்க்கலாம் என்று என் மகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கையில் ஸ்டைலஸ் இருந்தது, உலுக்கினாள்.

டச் போன அன்று அவள் ஒரு தளத்தைப் பாதியில் விட்டிருந்தாள். பெரிய கோட்டை, அதன் கூரையில் வரிசையாகப் பீரங்கிகள், கீழே எரிமலைக் குழம்பு. பொத்தான்களை வைத்து எப்படியாவது கட்ட முடியுமா என்று ஒரு மாலை முழுக்க முயன்று பார்த்தோம். ஒரு செங்கல்கூட வைக்க முடியவில்லை. கட்டி வைத்த பழைய தளங்களை ஆடலாம், புதிதாக ஒன்றும் கட்ட முடியாது. கிராஃப் நோட்டில் மீதிக் கோட்டையைப் பென்சிலால் வரைந்து வைத்துக்கொண்டாள். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

ஸ்பிளாட்டூன் முழுக்க நிற்கவில்லை, நொண்டியது. அதுவும் 2015தான். மை பீய்ச்சித் தரையை நம் நிறமாக்கும் அணி ஆட்டம். நாலு பேருக்கு எதிராக நாலு பேர். டிவியில் நம் ஆள் ஓடிக்கொண்டிருப்பான். கைத்திரையில் மேலிருந்து பார்க்கும் வரைபடம் எப்போதும் இருக்கும், எந்த மூலை யார் நிறத்தில் இருக்கிறது என்று உடனுக்குடன் காட்டும். அடிபட்டால் நம் இடத்திலிருந்து மறுபடி கிளம்ப வேண்டும். அப்போது வரைபடத்தில் கூட்டாளி ஒருவரைத் தொட்டால் அவர் இருக்கும் இடத்துக்கே தாவிப் போகலாம். டச் போனதும் வரைபடம் இருந்தது, தாவல் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் கால்நடையாகவே முன்வரிசைக்குப் போக வேண்டும். இந்திய நேரத்தில் ஆன்லைனில் கிடைத்த எதிரணியினர் பெரும்பாலும் ஜப்பான்காரர்கள், கெட்டிக்காரர்கள். நான் நடந்து போய்ச் சேருவதற்குள் பாதி மைதானம் அவர்கள் நிறத்துக்கு மாறியிருக்கும்.

ஸ்பிளாட்டூனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், காலேஜ் பையன்களின் கேள்விக்கு விடை இதில்தான் எனக்குக் கிடைத்தது. கீழே குனிந்தால் செத்துவிடுவோம் என்பது உண்மை. ஆனால் இந்த ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் குனிவதற்கான நேரத்தை ஏற்கெனவே செத்துப்போன பிறகு வைத்தார்கள். அடிபட்டதும் சில நொடிகள் சும்மா இருக்க வேண்டும். கட்டைவிரலுக்கு வேலை இல்லை, கண்ணுக்கும் வேலை இல்லை. அப்போது குனிந்து வரைபடத்தைப் பார், எங்கே ஆள் குறைவு என்று கணக்குப் போடு, ஒருவரைத் தொடு, நிமிர்ந்துகொள். கபடியில் பாடிவிட்டு வந்தவன் கோட்டுக்கு இந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டே எதிர்ப்பக்கத்தை எண்ணிப் பார்ப்பானே, அந்த நேரம்.

தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டாவின் விண்ட் வேக்கரை 2013இல் வீ யூவுக்கு மெருகேற்றிக் கொடுத்தபோதும் இதே புத்தியோடு செய்தார்கள். பையும் கடல் வரைபடமும் கைத்திரைக்கு இறங்கி வந்தன. டிவியில் மெனு திறக்காமலே பொருளை விரலால் இழுத்து மாற்றிக்கொள்ளலாம். படகு நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது கை சும்மாதானே இருக்கிறது.

இதற்கு எதிர்த்திசையில் போனது 2016இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோ. டிவியில் விமானம் வெளியிலிருந்து தெரியும், கைத்திரையில் விமானி இருக்கையிலிருந்து தெரியும். சரியாகக் குறிபார்க்கக் கீழே பார்க்க வேண்டும், மோதாமல் ஓட்ட மேலே பார்க்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். நான் ஆடியபோது ஒரு மணி நேரத்தில் கழுத்தும் கண்ணும் வலித்தன. அங்கே கேட்டது டச்சைக்கூட அல்ல, கண்ணை. எட்டடி தூரத்து டிவிக்கும் ஒரு முழ தூரத்துக் கைத்திரைக்கும் கண் மாறி மாறிக் குவிய வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது இன்னும் சிரமம்.

தூரம் என்று சொன்னதும் டிஎஸ் என்ற கையடக்க ஆட்டக் கருவி நினைவுக்கு வருகிறது. 2008இல் சென்னை பர்மா பஜாரில் ஒரு டிஎஸ் லைட் வாங்கினேன், என் முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் ஆடம்பரம். அதே நின்டெண்டோ, அதே அழுத்தும் வகை டச், அதே ஸ்டைலஸ், மேலே ஒரு திரை கீழே ஒரு திரை. டிஎஸ் வரிசை மொத்தமும் சேர்ந்து உலகம் முழுக்கச் சுமார் 15.4 கோடி விற்றது. வீ யூ 1.36 கோடியோடு நின்றுவிட்டது. வீ யூ தோற்றதற்குக் காரணங்கள் பல, பெயரிலேயே குழப்பம் இருந்தது. இருந்தாலும் கையில் வைத்து ஆடியவன் என்ற முறையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த எட்டடி. டிஎஸ்ஸில் இரண்டு திரைக்கும் நடுவே இருப்பது ஒரு கீல் மட்டும்தான். தலை அசைய வேண்டாம், கண்மணி கொஞ்சம் இறங்கினால் போதும். எட்ரியன் ஒடிஸி என்ற ஆட்டத்தில் மேல்திரையில் குகைக்குள் நடந்துகொண்டே கீழ்த்திரையில் நாமே வரைபடம் வரைய வேண்டும். சுவர் எங்கே, கதவு எங்கே, பொறி எங்கே என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு. இரவு பதினொன்றுக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு வரைந்திருக்கிறேன். நான் போட்ட கோட்டை நம்பித்தான் அடுத்த நாள் அந்தக் குகைக்குள் போவேன். ஒரு இடத்தில் கதவைக் குறிக்க மறந்து அரை மணி நேரம் சுற்றியதும் உண்டு.

கேம்பேடின் டச் பழைய காலத்து வகை என்று 2012இல் பலர் குறை சொன்னார்கள். இதில் தொழில்காரனாக எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அழுத்தும் வகை டச்சில் மேலே வளைகிற ஒரு படலம், கீழே இன்னொரு அடுக்கு, நடுவே மயிரிழை இடைவெளி. அழுத்தும் இடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்ளும். தொட்ட புள்ளி எது என்பது மின்னழுத்தத்தை வைத்துக் கணக்காகும். நோக்கியா 5800 வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், நகத்தாலும் தொடலாம், பேனா மூடியாலும் தொடலாம். இப்போதைய போன்களில் இருப்பது விரலின் மின்தன்மையை உணரும் வகை. பூப்போலத் தொட்டாலே போதும், ஒரே நேரத்தில் பல விரல்களை அறியும். ஆனால் வியர்த்த விரலைக் கண்டால் தடுமாறும், முனை கூர்மையான சாதாரணக் குச்சியை அறியாது. எங்கள் ஊர் மே மாதத்தில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து ஆடும் பிள்ளைகளின் கை எப்படி இருக்கும்? கேம்பேடில் வியர்வை ஒரு பொருட்டே இல்லை. ஓரத்தில் கட்டைவிரல் லேசாக உரசினாலும் தவறாக எடுத்துக்கொள்ளாது, அழுத்தினால்தான் கேட்கும். மாரியோ மேக்கரின் சின்னக் கட்டங்களில் ஒரு காசைக் குறி தவறாமல் வைக்க ஊசிமுனை ஸ்டைலஸ்தான் சரி. இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்க முடியாது என்பது குறைதான். எனக்கு அது ஒரு நாளும் உறைத்ததில்லை.

திரை இல்லாத டச்சும் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4உடன் 2013இல் வந்த டூயல்ஷாக் 4 கன்ட்ரோலரின் நடுவே ஒரு தொடுபரப்பு உண்டு. விரல் நகர்வதை உணரும், அழுத்தினால் பொத்தானாகவும் கிளிக் ஆகும். பெரும்பாலான ஆட்டங்களில் அது வரைபடத்தைத் திறக்கும் பெரிய பொத்தான், வேறொன்றும் இல்லை. இத்தனை வேலை தெரிந்த பொருளைக் கதவு மணிபோல அழுத்த மட்டும் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு வருத்தம் உண்டு. நன்றாகப் பயன்படுத்திய இடங்களும் இருக்கின்றன, இரண்டுமே 2020இல் வந்தவை. கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் விரலை மேல்நோக்கித் தள்ளினால் காற்று கிளம்பி நாம் போக வேண்டிய திசையில் புல்லைச் சாய்த்துக் காட்டும். திரையில் அம்புக்குறி கிடையாது, ஊதிவிட்டதுபோல ஒரு தள்ளல், அவ்வளவுதான். தி லாஸ்ட் ஆஃப் அஸ்ஸின் இரண்டாம் பாகத்தில் கிடார் வாசிக்கும்போது குச்சியால் சுரக்கட்டைத் தேர்ந்து, தொடுபரப்பில் விரலை இழுத்தால் தந்தி அதிரும். இரண்டிலும் கீழே பார்க்கத் தேவையே இல்லை. பொத்தானால் அந்தக் கிடாரை வாசித்திருந்தால் ஒலி வந்திருக்கும், வாசித்த உணர்வு வந்திருக்காது.

டச் இல்லாத திரையைக் கேட்டால், அது 1998லேயே வந்துவிட்டது. சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோலின் கன்ட்ரோலரில் செருகும் விஎம்யூ என்ற சிறு கருவி. 48க்கு 32 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைச் சிறுதிரை. அமெரிக்கக் கால்பந்து ஆட்டமான என்எஃப்எல் 2கேவில் அடுத்து ஆடப்போகும் உத்தியை அதில் பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எதிராளிக்குத் தெரியாது. மாரியோ சேஸில் நாங்கள் கண்ட அதே சுகம், பத்து வருடத்துக்கும் மேல் முன்பே.

கணினி ஆட்டங்களை விற்கும் வால்வ் நிறுவனத்தின் கதைதான் எனக்கு மிகப் பிடித்த சாட்சி. 2013இல் ஸ்டீம் கன்ட்ரோலரை அறிவித்தபோது அதன் நடுவே ஒரு டச் ஸ்கிரீன் வைத்திருந்தார்கள். விரல் வைத்ததும் அதில் உள்ளது பெரிய திரையில் ஆட்டத்தின் மேலேயே தெரியும், அதனால் குனிய வேண்டாம் என்றார்கள். யோசித்துப் பாருங்கள். கைத்திரையில் இருப்பதை டிவியிலேயே காட்டிவிட்டால் கைத்திரை எதற்கு? அடுத்த வருடமே அந்தத் திரையை எடுத்துவிட்டார்கள். 2015இல் விற்பனைக்கு வந்தபோது இரண்டு தொடுபரப்புகள் மட்டும் நிலைத்திருந்தன. என் மேசையில் திருகாணியைக் கழற்றிப் பிரிப்பதுபோல அவர்கள் தங்கள் மேசையில் திரையையும் டச்சையும் பிரித்திருக்கிறார்கள்.

வீ யூவுக்கு அடுத்த நின்டெண்டோ கன்சோலான ஸ்விட்ச் 2017இல் வந்தபோது டச் ஸ்கிரீன் இருந்தது, ஆனால் டாக் என்ற தாங்கியில் செருகி டிவியில் ஆடும்போது அதைத் தொட முடியாது. அதனால் பெரும்பாலான ஆட்டங்கள் டச்சை நம்பி உட்கார முடியவில்லை. ஸ்பிளாட்டூன் 2இல் வரைபடத்துக்கு ஒரு பொத்தான் வைத்தார்கள். அழுத்தினால் அது டிவித் திரையை மறைத்துக்கொண்டு வரும், கூட்டாளிகள் மூவருக்கும் மூன்று திசைப் பொத்தான்கள். வேகமாக இருக்கிறது, பழகிவிடுகிறது, பெரும்பாலானவர்கள் அதையே நல்லது என்கிறார்கள். அதை நான் ஏற்கிறேன். மாரியோ மேக்கர் 2 விஷயத்தில் ஏற்க மாட்டேன். 2019இல் என் தங்கை வீட்டில் அது வாங்கினார்கள். டிவியில் வைத்துக் கன்ட்ரோலரால் கட்டலாம், அதற்கு வழி இருக்கிறது. என் மகள் ஐந்து நிமிடம் அப்படிச் செய்து பார்த்தாள். பிறகு எழுந்து போய் டாக்கிலிருந்து ஸ்விட்சை உருவி எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு விரலால் வரைய ஆரம்பித்தாள். டிவி கறுப்பாகிவிட்டதால் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். கேம்பேடில் அவள் மடியில் கட்ட, நாங்கள் எல்லோரும் டிவியில் அந்தக் கோட்டை எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். "அங்க ஒரு ஏணி வெய்யி" என்று அம்மா யோசனை சொல்வார். ஒரே நேரத்தில் கைக்கு ஒரு தாள், ஊருக்கு ஒரு திரை. இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்று எனக்குத் தோன்றும் இடம் அது ஒன்றுதான்.

பையன்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். நாலு பேர் கூடி ஆடும் வீட்டுக்குக் கையில் ஒரு திரை வேண்டும், டச் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சண்டையிலும் ஓட்டத்திலும் இரண்டுமே வேண்டாம், பொத்தான் போதும். வரைவதும் கட்டுவதும் வரைபடத்தில் குறிப்பதும் இருக்கிற ஆட்டத்துக்கு டச் ஸ்கிரீனைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் அது மாற்று ஏற்பாடுதான். பொத்தானால் கோலம் போட முடியுமா? புள்ளி வைக்கலாம், இழுக்க முடியாது.

எட்டாவது வாரத் தொடக்கத்தில் பார்சல் வந்தது. கடையில் கூட்டம் குறைந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாற்றினேன். இந்த முறை ரிப்பனை முதலில் செருகிப் பூட்டி, கண்ணாடியின் ஓரப் பசையை ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்கி உட்கார வைத்து, மூடுவதற்கு முன் நாலு மூலையும் நடுவும் ஸ்டைலஸால் கோடு போட்டுப் பார்த்தேன். எங்கும் விட்டுப்போகவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனதும் மகள் மாரியோ சேஸ் கேட்கவில்லை. கிராஃப் நோட்டை எடுத்துத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து மீதிக் கோட்டையைக் கட்டினாள். தளத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டுமென்றால் கட்டியவரே முதலில் ஆடி முடித்துக் காட்ட வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் விதி. இரவு பத்தரை வரை முயன்றாள். கடைசிப் பீரங்கியைத் தாண்ட முடியவில்லை. "அப்பா, அந்த ஒண்ண எடுத்துரட்டுமா?" என்று கேட்டாள். உன் இஷ்டம் கண்ணு என்றேன். எடுக்கவில்லை. இடத்தை மட்டும் ஒரு கட்டம் தள்ளி வைத்தாள்.

அந்த ஆட்டத்தில் தளம் ஏற்றும் வசதி 2021இல் நின்றுவிட்டது, 2024 ஏப்ரலில் வீ யூவின் ஆன்லைனும் போய்விட்டது. வீட்டுக்குள் ஆடுவதற்கு அதெல்லாம் தேவையில்லை. அந்த டச் கண்ணாடியை இன்னும் இரண்டு வாங்கி, பஞ்சு சுற்றி, கடை மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அது விற்பனைக்கு இல்லை.